பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கன்வர்ட்டிபிளில் ஸ்டீயரிங் ஆடுகிறது, இடது பக்கம் இழுக்கிறது, திருப்பினால் தானாக நேராக வருவதில்லை. ரேக்கையே மாற்ற வேண்டுமா?

ரேக்கை, அதாவது ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டை, இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் தொட்டேன். அலைந்து திரிந்து வேறொரு ரேக் வாங்கிப் போட்டும் ஆட்டம் அப்படியே இருந்தது.

நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். மூன்றையும் சேர்த்து 'ஸ்டீயரிங் போச்சு' என்று சொல்லும்போதுதான் நல்ல ரேக் வெளியே வருகிறது.

முதலில் ஆட்டம். ஹெரால்டில் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முன்டயர் மேல் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம். வீட்டில் யாரையாவது உள்ளே உட்காரவைத்து, இன்ஜின் ஓடாமல், சக்கரம் தரையில் இருக்க, ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் ராடு, அதன் அடியில் உள்ள ரப்பர் கப்ளிங், ரேக், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துக்கொண்டே போங்கள். அசைவு எங்கே தொலைகிறதோ அங்கேதான் கோளாறு. என் வண்டியில் ரேக்கே மொத்தமாக இடமும் வலமும் நகர்ந்தது. அதைச் சேசிஸோடு பிடிக்கும் யு போல்ட்டுக்குள் இருக்கும் ரப்பர், இன்ஜின் ஆயிலில் ஊறி ஆற்காடு மக்கன் பேடா மாதிரி ஆகிவிட்டிருந்தது. ரப்பரை மாற்றியதும் ஆட்டம் நின்றது.

அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது பிளே (தளர்வு) இருந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிளே மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் மேலே உள்ள பால் ஜாயின்ட் அல்லது கீழே ட்ரன்னியன் புஷ், ட்ரன்னியன் என்ன என்று பிறகு சொல்கிறேன்.

இழுப்புக்கு டயரையும் பிரேக்கையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். முன்டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான். அதிகம் ஓடாத வண்டியில் பட்டன் தேயாமலே டயர் கெட்டிப்பட்டுவிடும், வேலூர் வெயிலைக் கேட்கவே வேண்டாம். டயர் மாற்றியும் இடப்பக்கமே இழுத்தால், காட்பாடி வரை ஒரு நடை போய்வந்து இரண்டு முன் பிரேக் டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது.

என்னைக் கவலைப்பட வைப்பது மூன்றாவதுதான். திருப்பினால் தானாக நேராக வராதது.

ஹெரால்டின் முன்சக்கரத்துக்குக் கீழே ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலக் கட்டை இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க், மரை போட்டு அதற்குள் இறங்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உள்ளே சுழல்கிறது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி என்பதால் அது சுழலும் அளவும் அதிகம். அங்கே போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். அம்பாசிடருக்கு கிரீஸ் அடித்துப் பழகிய கை இதற்கும் கிரீஸ் கன்னைத்தான் எடுக்கும். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. காய்ந்து வழியையும் அடைத்துவிடும், தண்ணீர் புகுந்து துரு ஏறும்.

நானும் வருடக்கணக்கில் கிரீஸ்தான் அடித்தேன். ஒருமுறை ஏலகிரியிலிருந்து இறங்கும்போது, புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர் வைத்த அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில், ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை நானே பிடித்து நேராக இழுக்க வேண்டியிருந்தது. மறுநாள் ஆற்காட்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டேன். ட்ரன்னியனைக் கழற்றினார், உள்ளே பழுப்பாக, மெழுகு போல் இறுகிய கிரீஸ். லிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மரை முடியும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். "இது உடைஞ்சா சக்கரம் அப்படியே மடிஞ்சிடும் தம்பி" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது, முந்தின நாள் பின் சீட்டில் என் அம்மா உட்கார்ந்து வந்தார்.

உங்கள் வண்டியில் சோதிக்க இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டை ராட் எண்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இறுகினால் பிரித்தே ஆக வேண்டும். லிங்கில் துரு அரித்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ மாற்றுங்கள், வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். ட்ரன்னியன் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, மரை திசை வேறு, வாங்கும்போது கவனம்.

கன்வர்ட்டிபிள் என்பதால் இன்னொன்று. ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது, கழற்றித் திறந்த வண்டியாக்கியவர்கள் நிறையப் பேர். கூரை இல்லாத உடல் குழியில் விழும்போது கொஞ்சம் முறுக்கும், ஸ்டீயரிங்கும் டேஷ்போர்டும் சேர்ந்து அதிரும். அது ஸ்டீயரிங் கோளாறு அல்ல. ஆனால் ஜாக்கி ஏற ஏறக் கதவு இடுக்கு மாறினால் சேசிஸ் துருப்பிடித்திருக்கிறது, அதை முதலில் பாருங்கள்.

அலைன்மென்ட் எல்லாம் முடிந்த பிறகுதான். சக்கரங்களைக் கையால் திருப்பிப் பார்க்கும்வரை, மேலே சொன்ன காட்பாடி நடைக்கும்கூட, வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், சொல்கிறேன்.