12 அடி தூண்டில் ராடுக்கு எந்த கைடு, எத்தனை?

கேள்வி: கரையில் நின்று கடலுக்குள் தூண்டில் வீச, நானே ஒரு ராடு கட்டப் போகிறேன். 12 அடி பிளாங்க் (கைடு கட்டாத வெறும் கம்பு), இரண்டு சம துண்டு, 4 முதல் 6 அவுன்ஸ் ஈயம் தாங்கும். ஸ்பின்னிங் ரீல். அதன் ஸ்பூல் (நூல் சுற்றும் உருளை) விளிம்பு 60 மி.மீ. விட்டம். 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்) போடுவேன். கடைக்காரர் 50-இல் தொடங்கும் பெரிய கைடு (நூல் ஓடும் வளையம்) செட்டை வாங்கச் சொல்கிறார். நண்பரோ சின்ன வளையம்தான் தூரம் கொடுக்கும் என்கிறார். யாரை நம்புவது? – கடலூர் வாசகர்

பதில்: நண்பர் சொல்வது முக்கால்வாசி சரி. கடைக்காரர் சொல்வது தடித்த நைலான் நரம்பு போட்ட காலத்துக் கணக்கு. நரம்பு விறைப்பானது. ஸ்பூலை விட்டுச் சுருள் சுருளாகப் பாயும். அது தட்டாமல் நுழைய அகலமான வாய் வேண்டியிருந்தது. பிரெய்டு நூல் மாதிரித் துவளும். அதற்குப் பெரிய வாயைக் கொடுத்தால் சுருள் அடங்காமல் ஆடிக்கொண்டே நுனிவரை போகும். வீச்சு தூரம் அங்கேதான் வீணாகிறது.

ஆகவே கைடு செட்டைக் கையில் எடுக்குமுன் ரீலைப் பாருங்கள். ஸ்பூல் விட்டத்தை 27-ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 60 × 27 = 1620 மி.மீ. ஸ்பூலின் முன்விளிம்பிலிருந்து 162 செ.மீ. தள்ளி, பிரெய்டின் ஆட்டம் முழுதாக அடங்க வேண்டிய இடம் அது. அங்கே முதல் சின்ன வளையம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு நுனிவரை எல்லாம் அதே சின்ன அளவுதான். நடுவில் வரும் இரண்டு கைடுக்கும் சுருளைப் படிப்படியாக ஒடுக்குவதே வேலை. ஸ்பூல் விளிம்பிலிருந்து அந்தச் சின்ன வளையத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், ஒவ்வொரு கைடும் எங்கே உட்கார வேண்டும் என்று நூலே காட்டிவிடும்.

உங்கள் அளவுக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கைடு 30, அடுத்தது 20, பிறகு 12-இல் ஐந்து, நுனிக் கைடு தனி. இந்த எண்கள் வளையத்தின் வெளிவிட்டத்தை மி.மீ.யில் குறிப்பவை, உள்வாய் இன்னும் சிறியது. 30 ஏறத்தாழ 95 செ.மீ.யிலும், 20 ஏறத்தாழ 130 செ.மீ.யிலும் வருகின்றன. ஆனால் இங்கே ஒரு சிக்கல். சம துண்டு பிளாங்க் என்கிறீர்கள். ஸ்பூல் விளிம்பு, ராடின் அடியிலிருந்து 85 செ.மீ.யில் வந்தால், மூட்டு ஸ்பூலிலிருந்து 98 செ.மீ.யில் விழும். சரியாக முதல் கைடு உட்கார வேண்டிய இடம்! மூட்டின்மேல் எதையும் கட்டாதீர்கள். கைடை 105 செ.மீ.க்கு மேலே தள்ளிவிடுங்கள், 30 வளையத்துக்கு அதுவும் பொருந்தும். எல்லா கைடும் மேல்துண்டிலேயே வந்துவிடுவதால் பைக்கில் கொண்டுபோகவும் வசதி.

162-க்கு மேல் நுனிவரை 119 செ.மீ. மிச்சம். அதில் நான்கு கைடுகளை 33, 28, 24, 19 என்று இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் நுனிக்குமுன் 15 செ.மீ. நிற்கும். ராடு நுனியில்தான் அதிகம் வளைகிறது, அதனால்தான் அங்கே நெருக்கம்.

12-க்குப் பதில் 10 போடலாமே என்று நண்பர் கேட்பார். லீடர் (பிரெய்டின் முனையில் கட்டும் தடித்த நரம்பு) முடிச்சை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு லீடர் என்பது கரை வீச்சில் எல்லோரும் வைத்திருக்கும் பாதுகாப்புக் கணக்கு. 5 அவுன்ஸ் (ஏறத்தாழ 140 கிராம்) வீசினால் 50 பவுண்டு லீடர். அது தடித்த நரம்பு. பிரெய்டோடு சேர்த்துக் கட்டும் முடிச்சு, வீச்சின் முழு வேகத்தில் ஒவ்வொரு வளையத்தையும் கடக்க வேண்டும். லீடர்மேல் பிரெய்டைப் பின்னிக் கட்டும் மெலிந்த எஃப்.ஜி. முடிச்சைச் சுத்தமாகக் கட்டத் தெரிந்தவருக்கு 10 போதும். விடியற்காலை இருட்டில் ஈரக் கையோடு கட்டினால் என் முடிச்சு பருமனாகத்தான் வருகிறது. நான் 12-தான் போடுவேன்.

வளையத்தைத் தாங்கும் உலோகச் சட்டத்துக்கு வருவோம். முன்பக்கம் சாய்ந்த, ‘கே’ வகை எனப்படும் சட்டத்தையே வாங்குங்கள். கொண்டல் (கிழக்குக் காற்று) முகத்தில் அடிக்கும்போது பிரெய்டு தளர்ந்து கைடைச் சுற்றிக்கொள்ளும். சாய்ந்த சட்டத்தில் அந்தச் சுற்று வழுக்கித் தானாகவே கழன்றுவிடும். நேராக நிற்கும் சட்டத்தில் மாட்டினால் 140 கிராம் ஈயம் அறுந்து பறக்கும். பக்கத்தில் ஆள் நின்றால் பெரிய விபத்து. முதல் மூன்று கைடுக்கு இரட்டைக் கால் (சட்டத்தை பிளாங்கோடு வைத்துக் கட்டும் பாதம்), நுனிப்பக்கம் ஒற்றைக் கால். நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் ராடைச் சோம்பலாக்கும்.

பணம் எதில் போட வேண்டும்? வளையத்தைவிடச் சட்டத்தில் போடுங்கள் என்பேன். எஸ்.ஐ.சி. (சிலிக்கான் கார்பைடு) வளையம் நல்லதுதான், சூட்டை வேகமாகக் கடத்தும், வழவழப்பு அதிகம். ஆனால் ஒழுங்காகச் செய்த அலுமினியம் ஆக்சைடு வளையமும் பிரெய்டைத் தாங்கும். உப்பை வளையம் தாங்கிவிடும், சட்டம்தான் அரித்துப் போகும். கட்டுப்படியானால் டைட்டானியம், அது துருவே பிடிக்காது, எடையும் குறைவு. இல்லையென்றால் 316 ஸ்டெயின்லெஸ். முதல் ராடுக்கு நான் மலிவான செட் ஒன்று வாங்கினேன். இரண்டாம் மாதமே ஒரு வளையம் சட்டத்தைவிட்டுக் கழன்று கடலுக்குள் போனது. மற்றொரு கைடில், அதை ராடோடு சுற்றிக் கட்டிய நூலுக்கு அடியிலிருந்து துரு வழிந்தது. இரண்டாவதில் என் தப்பும் உண்டு: கைடின் காலை அரத்தால் தேய்த்துவிட்டு எபாக்சிப் பசை தடவாமல் கட்டியிருந்தேன். நூல் ஏறுவதற்காகக் கால் முனையைக் கத்திபோல் தேய்க்கத்தான் வேண்டும். தேய்த்த இடம் பச்சைப் புண், மூடாமல் விடாதீர்கள்.

மேலே சொன்ன அளவெல்லாம் தொடக்கப் புள்ளிதான். ராடைக் கட்டுமுன் கைடுகளை டேப்பால் ஒட்டி, பிரெய்டைக் கோத்து, நுனியில் எடை தொங்கவிட்டு வளைத்துப் பாருங்கள். எங்காவது இரண்டு கைடுக்கு நடுவில் பிரெய்டு வளைவைப் பின்பற்றாமல் நேர்கோடாக விறைத்துக்கொண்டு விலகினால், அந்த இடைவெளியைக் குறையுங்கள். அப்புறம் ஆள் இல்லாத கரையில் 60, 70 கிராம் ஈயத்தோடு மெதுவாக வீசிப் பாருங்கள். முழு எடைக்கு டேப் நிற்காது. அதற்கு எபாக்சி பூசாமல் நூலை மட்டும் சுற்றி வீசலாம். பிளாங்கில் படபடவென்று பிரெய்டு அடிக்கும் சத்தம் கேட்டால் முதல் கைடை இரண்டிரண்டு செ.மீ.யாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எனக்கு ஒரு ராடில் இதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டது.

நுனிக் கைடை மட்டும் எபாக்சியால் ஒட்டாதீர்கள், சூட்டில் இளகும் பசை போதும். பாறையில் இடித்து முதலில் உடைவது அதுதான். உடைந்தால் உலோகக் குழாயை மட்டும் லைட்டரால் லேசாகச் சூடாக்கிக் கழற்றுங்கள், கார்பனில் தீ படக் கூடாது.