டிரையத்லானை விட்டு ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 39 வயது. கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை, இரண்டு பிள்ளைகள், சைவம். நாலு வருடமாக, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பயிற்சி செய்கிறேன். போன வருடம் கோவாவில் அரை அயர்ன்மேன் என்கிற நீண்ட தூர டிரையத்லான் பந்தயத்தை முடித்தேன். இப்போது தாக்குப்பிடிக்க முடியவில்லை. வாரத்துக்குச் சைக்கிள் ஐந்து மணி நேரம், நீச்சல் இரண்டு, ஓட்டம் மூன்று. நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம் ஆபீஸ் நேரத்தோடு ஒத்துவரவில்லை. ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூக்கம். எப்போதும் அசதி. ஹீமோகுளோபின் 11.6, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11. முன்பு 28 நாளுக்கு ஒருமுறை வந்த பீரியட்ஸ் இப்போது 45, 50 நாள் ஆகிறது. இரண்டு வாரமாக வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். நீச்சலையும் சைக்கிளையும் விட்டுவிட்டு, அந்த நேரத்தையும் ஓட்டத்துக்கே கொடுத்து, ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடலாம் என்று நினைக்கிறேன். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. குழுவில் இருப்பவர்கள் "பின்வாங்குகிறாய்" என்கிறார்கள். மாமியார், "ஓடி ஓடி மூட்டு தேய்ந்துவிடும்" என்கிறார். என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒரே விளையாட்டை வைத்துக்கொள்ளலாம். உடல்நலக் கணக்கில் அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் இந்த வாரம் ஓட வேண்டாம். பீரியட்ஸ் தள்ளிப்போவது, ஃபெரிட்டின் 11, எலும்பில் வலி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருக்கிறீர்கள். தனித்தனியாக வந்தால் மூன்றும் சாதாரணமாகப் பார்க்கிற விஷயங்கள்தான். ஒரே பெண்ணுக்கு ஒரே காலத்தில் வந்தால் எனக்கு முதலில் எழும் சந்தேகம், செலவழிக்கிற அளவுக்கு நீங்கள் சாப்பிடுவதில்லை என்பதுதான்.

உங்கள் எடையை எழுதவில்லை. 55 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கலோரி செலவாகும். அப்படியானால் காலையில் 10 கி.மீ. ஓடினால் 550. ஓடிவிட்டு வந்து, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, நின்றபடியே இரண்டு இட்லியும் ஒரு காபியும் முடித்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புகிற பெண்களை நிறையவே பார்க்கிறேன். சட்னி, சாம்பாரைச் சேர்த்தாலும் அது முந்நூறு கலோரியைத் தாண்டுவது கஷ்டம். ஓட்டத்துக்கே அது போதாது. அதற்கு மேல் சமையல், படியேற்றம், ஆபீஸ், சாயங்காலப் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. பற்றாக்குறை நாள் கணக்கில் நீடித்தால், உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு குறைத்துக்கொள்ளும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் தூண்டல் தளரும். கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும், ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அந்த ஈஸ்ட்ரோஜன் வேண்டும். ஓடும்போது எலும்பில் உண்டாகிற நுண்ணிய சேதம் சரியாகாமல் சேர்ந்துகொண்டே போனால், ஒருநாள் மயிரிழை விரிசலாக வந்து நிற்கும். இதற்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் ரெட்-எஸ், அதாவது விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும். அவர்களுக்குப் பீரியட்ஸ் போல வெளியே தெரிகிற அடையாளம் கிடையாது என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

இது என் ஊகம்தான். கடிதத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், பி.சி.ஓ.எஸ்., சினைப்பை சீக்கிரமே தளரத் தொடங்குவது என்று பீரியட்ஸ் தள்ளிப்போக வேறு காரணங்களும் உண்டு. மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பார்த்து இவற்றுக்கான சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். கூடவே வைட்டமின் டி, பி12 இரண்டையும் பாருங்கள். சைவக்காரர்களுக்கு பி12 குறைவாக இருப்பது சர்வசாதாரணம். ஒன்று சொல்லிவைக்கிறேன்: மாத்திரை போட்டு பீரியட்ஸை வரவழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாக நினைக்காதீர்கள். உதிரப்போக்கு வரும். சாப்பாட்டுப் பற்றாக்குறை அப்படியே இருக்கும். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்ததுதான் மிச்சம்.

இரும்புச்சத்து விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் ஊரில் பெண்களுக்கு ஃபெரிட்டின் குறைந்தால் மாதாமாதம் போகிற ரத்தத்தைக் காரணம் காட்டுவோம். உங்களுக்கு அந்த இழப்பு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. அப்படியும் 11 என்றால் உள்ளே போவது போதவில்லை, அல்லது போவது ஒட்டவில்லை, அல்லது வலி மாத்திரைகள் இரைப்பையில் புண் உண்டாக்கி அங்கே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிகிறது. மலம் கறுப்பாகப் போகிறதா, நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்ல உணவுதான். ஆனால் 11-ல் இருப்பவரை மேலே கொண்டுவர அவை மட்டும் போதாது. மாத்திரை தேவைப்படும். அதைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் பாதி வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் குடல் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைவு. அளவை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அடுத்தது கால். வலிக்கிற இடத்தை ஒரே விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடிகிறதா? அல்லது ஒரு சாண் நீளத்துக்குப் பரவிய வலியா? பரவிய வலி என்றால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வின் தொந்தரவு. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் வலிக்கிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் தெரிகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் சுள்ளென்கிறது என்றால் மயிரிழை விரிசல் என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். விரிசல் உறுதியானால், இந்த எலும்பில் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் அப்போது தேவைப்படும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை இன்றோடு நிறுத்துங்கள். வலி தெரியாமல் விரிசல் பெரிதாகும் என்பது ஒரு பக்கம். வெயிலில், உடம்பில் நீர் வற்றிய நிலையில், நீண்ட தூரம் ஓடும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

சரி, இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குக் கேட்பது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. அதோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாள். இதை ஓடியும் எட்டலாம், மிதித்தும் எட்டலாம், நீந்தியும் எட்டலாம். மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. ஹவாயின் ஓவாஹு தீவில் 1978-ல் முதல் அயர்ன்மேன் நடந்ததே, நீந்துபவர், ஓடுபவர், சைக்கிள் மிதிப்பவர் இவர்களில் யார் கெட்டி என்ற வாக்குவாதத்தில்தான். அங்கே ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளை ஒரே நாளில் அடுக்கிவிட்டார்கள். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ரசிக்கத்தக்க பிடிவாதம், ஆனால் மருந்துச்சீட்டு இல்லை. குழுவில் "பின்வாங்குகிறாய்" என்பவர்களுக்கு ஒரு பதில் வேண்டுமானால், 1994-ல் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்த குற்றாலீஸ்வரனைச் சொல்லுங்கள். அவர் செய்தது நீச்சல் மட்டும்தான்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. "அந்த நேரத்தையும் ஓட்டத்துக்கே கொடுத்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. டிரையத்லானிலிருந்து ஒற்றை விளையாட்டுக்கு வருபவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நாலு வருடச் சைக்கிளும் நீச்சலும் உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் நன்றாகத் தேற்றி வைத்திருக்கின்றன. நாளைக்கே 25 கி.மீ. ஓடச் சொன்னாலும் மூச்சு வாங்காது. ஆனால் கால் எலும்பும் குதிநாணும் இத்தனை காலமும் வாரத்துக்கு மூன்று மணி நேர ஓட்டத்தின் அதிர்ச்சியை மட்டுமே தாங்கிப் பழகியவை. சைக்கிள் மிதித்த ஐந்து மணி நேரமும் அவற்றுக்கு ஏறக்குறைய ஓய்வு. இதயம் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்பு ஒரு சுற்று தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே மூன்று, நாலு மாதம் பிடிக்கும். மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும்போது எலும்பின் பேச்சைக் கேட்க யாருமில்லை. மூன்று மணி நேரத்தைப் பத்தாக்கினால் அது மும்மடங்குக்கும் மேல். இருபது வயதில் பெரிய ஓட்டக்காரராக வளர்ந்தவருக்கே அது ஆபத்து.

அதனால் ஜனவரி முழு மாரத்தானை இந்த வருடம் விட்டுவிடுங்கள். இதில் நான் பேரம் பேசத் தயாராக இல்லை. பதிவுக்கட்டணம் போனால் போகட்டும்.

ஓட்டம்தான் பிடித்திருக்கிறதா? நல்ல தேர்வுதான், எலும்பு விஷயத்தில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. சைக்கிளும் நீச்சலும் உடம்பு எடையை எலும்பின் மேல் ஏற்றுவதில்லை. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டும் மிதிக்கிற பந்தய வீரர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நாற்பதை நெருங்குகிற, கொஞ்ச வருடங்களில் மாதவிடாய் நிற்கப்போகிற ஒரு பெண்ணுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். நீங்கள் சைக்கிளைத் தேர்ந்தெடுத்திருந்தால் எடை தூக்கும் பயிற்சியைக் கட்டாயம் என்று எழுதியிருப்பேன். ஓட்டத்தோடும் வாரம் இரண்டு நாள் அது வேண்டும். அரை மணி போதும். எடையோடு உட்கார்ந்து எழுவது, படியேறுவது, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது. காலில் வலி அடங்கிய பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

மாமியாரின் கவலைக்கு: 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகவே வாழ்கிற ஓட்டக்காரர்களில் 13.3. அளவோடு ஓடினால் மூட்டு கெடாது. அவரையும் சாயங்காலம் உங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று நடக்கக் கூட்டிப்போங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் விரிசல் இல்லை என்று வந்து, நடக்கும்போது வலி போய், சாப்பாடு சரியாகி, பீரியட்ஸும் ஒழுங்குக்குத் திரும்பத் தொடங்கினால் ஓட்டத்தை ஏற்றலாம். நடையும் ஓட்டமுமாகத் தொடங்கி, வாரம் மூன்று நாளுக்கு வந்து, பிறகு நாலு. கடந்த ஒரு மாதத்தில் ஓடிய நீளமான தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் எந்த ஒரு நாளிலும் தாண்டாதீர்கள். வாரக்கணக்கைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓட்டத்தில் கூட்டுகிற ஏழெட்டு கிலோமீட்டர்தான் காலை வாரும். ஐந்து மாதத்தில் வாரத்துக்கு நாலரை, ஐந்து மணி நேர ஓட்டம் வரை வந்தால் அரை மாரத்தானுக்கு அதுவே தாராளம். வாரத்தில் ஒருநாள் சைக்கிளை வைத்துக்கொள்ளுங்கள், பந்தயத்துக்கு இல்லை, ஓட்டம் இல்லாத நாளில் காலுக்கு இதமாக இருக்கும். விரிசல் இருந்தால் அந்த ஆறு, எட்டு வாரமும் சைக்கிளும் நீச்சலும்தான், வலி இல்லாத அளவில், உங்கள் இதயத்தைத் தேய்ந்துவிடாமல் வைத்திருக்கும். ஆகவே எதையும் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

மிச்சமாகும் நாலைந்து மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் எந்த விளையாட்டும் தேறாது, ஒன்றானாலும் மூன்றானாலும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் விளையாட்டை மாற்றினால் மட்டும் இந்தப் பற்றாக்குறை சரியாகாது. நீண்ட தூரம் ஓடுகிற பெண்களிடமும் இதே தொல்லையை அதிகம் பார்க்கிறோம். கிளம்புவதற்கு முன் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். வெறும் வயிற்றில் ஓடுவது கொழுப்பைக் கரைக்கும் என்று யாராவது குழுவில் எழுதினால் உங்களுக்கு அது பொருந்தாது. ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிற பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், சர்க்கரையும் உப்பும் கலந்த எலுமிச்சைச் சாறு எதுவானாலும் சரி. திரும்பி வந்ததும் இரண்டு இட்லியை நாலாக்குங்கள், கூடவே பாலோ தயிரோ சுண்டலோ. பதினோரு மணிக்கு இன்னொரு முறை ஏதாவது. எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். ஏறட்டும். உங்கள் நிலையில் அதுவும் சிகிச்சைதான்.

இவற்றில் எதற்கும் அடுத்த மருத்துவர் அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்: இடுப்பு மடிப்பில் ஆழமான வலி, ஊன்றி நடக்க முடியாத வலி, ஓடும்போது நெஞ்சு இறுக்கம் அல்லது மயக்கம். இடுப்பு மடிப்பில் வலி வந்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருக்கலாம். முறிந்து விலகினால் அறுவைச் சிகிச்சையில்தான் போய் முடியும். அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.