டீ வண்டி கட்டுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

நாலடிக்கு இரண்டரை அடியில் வண்டி கட்டுகிறேன். சுழலும் சின்னச் சக்கரம் நான்கு போதும் என்கிறார் பட்டறைக்காரர். சரியா?

போதாது. அவை சிமென்ட் தரைக்கானவை. ரோட்டுக் குழியில் சக்கரம் சிக்கினால் வண்டி சட்டென நிற்கும், மேலே கொதிக்கும் பால் நிற்காது. ஸ்கூட்டர் சக்கரம் இரண்டை ஒரே அச்சில் மாட்டுங்கள்.

அச்சு எங்கே என்பதில்தான் வண்டியின் உயிர் இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. நிரம்பிய 19 கிலோ சிலிண்டர், இரும்போடு சேர்த்து 35 கிலோவைத் தாண்டும். பாய்லரை அச்சுக்கு நேர் மேலேயும், சிலிண்டரையும் தண்ணீர் கேனையும் கீழ்த்தட்டிலும் வையுங்கள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். கையில் எட்டு, பத்து கிலோ கனக்க வேண்டும். கனமே இல்லையென்றால் தள்ளும்போது கைப்பிடி மேலே எழும்பி, வண்டி முன்பக்கம் கவிழலாம். ஆகவே சாமான் ஏற்றிப் பார்க்காமல் அச்சை வெல்டிங் செய்ய விடாதீர்கள்.

கைப்பிடிப் பக்கம் இரண்டு நிலையான கால்கள் போக, முன்பக்கமும் மடக்குக் கால் இரண்டு வேண்டும். டீ குடிப்பவர்கள் முன் விளிம்பில் சாய்வார்கள். வண்டியைத் தள்ளும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும், பாய்லர் காலியாக இருக்க வேண்டும்.

திருட்டுப் பயம். சிலிண்டர் அறையை நாலா பக்கமும் தகடு அடித்துப் பூட்டலாமா?

பூட்டுங்கள், ஆனால் அடைக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அறையின் அடியில் தகட்டுக்குப் பதில் இரும்புப் பட்டைகளை இடைவெளி விட்டு அடியுங்கள். மேலே மட்டும் துளை போட்டால் பயனில்லை. கேஸ் ட்யூப் தகட்டைக் கடக்கும் ஓட்டையில் ரப்பர் வளையம் மாட்டுங்கள்; இல்லாவிட்டால் வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு ட்யூபை அறுத்துவிடும். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும், பட்டை போட்டுக் கட்டுங்கள். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

கடற்கரைக் காற்றில் அடுப்பு அணைகிறது.

மூன்று பக்கம் எட்டு அங்குல உயரத்துக்குத் தகடு மறைப்பு வையுங்கள். அடியில் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். பர்னருக்குக் காற்று போகாவிட்டால் மஞ்சள் சுடர் எரிந்து பாத்திரம் கரிபிடிக்கும்.

அங்கே வண்டியின் மேல்தகடு 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். உப்புக்காற்றில் 202 ரக எவர்சில்வர் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

பழைய பித்தளை பாய்லர் வாங்கலாமா?

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் ஈயப்பூச்சு போய்விட்டது, பூசிய பிறகே பயன்படுத்த வேண்டும். பூசுவது வெள்ளீயமாக இருக்கட்டும். காரீயம் கலந்தால் நஞ்சு. தண்ணீர் வற்றி வெறும் பாய்லர் காய்ந்தால் 232 டிகிரியிலேயே வெள்ளீயம் உருகிவிடும், மறுபடி பூச வேண்டியதுதான்.