‘ப்ரூட்டலிஸ்ட்’ என்று விற்கப்படும் பழைய நோர்டிக் மரக் கதிரைகளை வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார்: 1960களின் ஸ்காண்டிநேவிய ‘ப்ரூட்டலிஸ்ட்’ சாப்பாட்டு மேசை நாற்காலிகள், ஆறு. அந்தச் சொல் பூச்சில்லாத முரட்டுக் கொங்கிறீட் கட்டடங்களுக்கு உரியதாயிற்றே, மர நாற்காலிக்கு எப்படி வந்தது, கேட்கிற விலைக்குத் தகுமா என்கிறார்.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். எங்கள் மேசையைச் சுற்றி இதே சாதிக் கதிரைகள் நான்கு நிற்கின்றன (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: கதிரை என்றால் நாற்காலி). அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில், அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். அது வியாபாரிகள் பிற்காலத்தில் ஒட்டிய சீட்டு. ஆனால் அந்தச் சொல்லே ஒரு சுவீடன்காரரின் பகிடியில் பிறந்தது என்பதுதான் வேடிக்கை. 1950 தொடக்கத்தில் பெங்ட் எட்மன், லென்னார்ட் ஹோல்ம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் சுவீடனின் உப்சாலா நகரில் ஒரு வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த இன்னொரு கட்டடக் கலைஞர் ஹன்ஸ் அஸ்ப்லுண்ட் கேலியாக ‘நவ ப்ரூட்டலிசம்’ என்றார். அங்கே வந்துபோன ஆங்கிலேய நண்பர்கள் சொல்லை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1955இல் ஆங்கிலேய விமர்சகர் ரெய்னர் பான்ஹம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. இத்தனைக்கும் அந்த உப்சாலா வீடு செங்கல் வீடு.

கதிரைகளின் கதை வேறு. நோர்டிக் தளபாடம் என்றதும் நம் கண்ணில் வருவது மெல்லிய கால் வைத்த தேக்குக் கதிரை. கோப்பன்ஹேகன் கம்பெனி ஒன்று சீயத்துக் (இன்றைய தாய்லாந்து) காடுகளிலிருந்து தேக்கு வெட்டி ஏற்றிய காலத்தின் மிச்சம் அது. நீங்கள் பார்த்த தடித்த கதிரைகள் பெரும்பாலும் பைனிலோ ஓக்கிலோ செய்தவை. ஊர் மரம், பருமனாக அறுத்தது, மரங்கள் சேரும் மூட்டுகளை ஒளிக்காமல் வெளியே காட்டுவது.

நோர்வேயில் இதற்கு ஒரு காரணம் இருந்தது. போருக்குப் பிறகு 1960 வரை இங்கே தனியாள் ஒருவர் நினைத்தவுடன் கார் வாங்க முடியாது, அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் சனம் மலைப்பக்கம் ஓடத் தொடங்கியது, ‘ஹிட்டே’ என்கிற மரக்குடில்கள் பெருகின. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து உறையும் வீடு அது. பிறகு ஒருநாள் அடுப்பு மூட்டினால், ஈரக் காலணியும் பிள்ளைகளுமாக நிறைந்துவிடும். அங்கே மினுக்கிய தேக்குக் கதிரைக்கு என்ன வேலை? எட்வின் ஹெல்செத் 1960களின் நடுவில் ஸ்டாங்கே ப்ரூக் என்ற ஆலைக்காக வடிவமைத்த ‘ட்ரிபோ’ வரிசையைத் தேடிப் பாருங்கள். பைன் மரம், ஆணியோ திருகாணியோ இல்லாமல் மரத்துக்குள் மரம் பூட்டிய வேலை. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதற்கும் முன்னால் ‘குப்பெஸ்டூல்’ இருக்கிறது. ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்யும் நாட்டுப்புறக் கதிரை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா எங்கள் கதிரைகளைப் பார்த்த கையோடு கேட்டார் (குத்தி என்றால் மரக்கட்டை): “இதென்னடா, குத்தியைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய்?” குப்பெஸ்டூல் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளே குத்திக் கதிரைதான் என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

டென்மார்க்கில் ஹென்னிங் கேர்னுல்ஃப் 1960களில் ஓக் மரத்தில் கனமாகச் செதுக்கிய கதிரைகள் வேறொரு கிளை. சந்தையில் அதற்கு ‘ரேசர் பிளேட்’ என்று பெயர். முதுகின் வடிவம் அப்படி. உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் மிகை. செதுக்கலுக்குள் தூசி போனால் வெளியே வராது. 1970களில் ரைனர் டவ்மில்லர் வட ஜட்லாந்தின் ஹிர்ட்ஸ்ஹால்ஸ் மரஆலைக்காகச் செய்த பைன் கதிரைகள் இன்னும் சாதுவானவை, இருக்கவும் சுகம். சுவீடனின் அக்செல் ஐனார் யூர்த் 1930ஐ ஒட்டியே வார இறுதிக் குடில்களுக்கு இப்படித் தடித்த பைன் சாமான்கள் செய்துவிட்டார். அவை இன்று ஏல வீடுகளில்தான் கிடைக்கும். நம் பைக்கு எட்டாது. பின்லாந்தின் இல்மாரி தப்பியோவாரா 1955இல் செய்த ‘பிர்க்கா’வையும் சிலர் இந்தக் கூடையில் போடுகிறார்கள். இருக்கைக்கு இரண்டு பலகை, நடுவில் ஒரு இடைவெளி, சாய்த்து நட்ட கால்கள். அதைப் பார்த்து முரட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் ஆறு கதிரைகள். விற்பவரிடம் கேட்க வேண்டியது அடிப்பக்கத்தின் படம். முன்பக்கம் எல்லாக் கதிரையும் வடிவாகத்தான் இருக்கும். நான் வாங்கியபோது இருட்டிவிட்டது, கவிழ்த்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில் காலும் சட்டமும் சேரும் இடத்தில் இரும்புத் தகடு வைத்துத் திருகாணி அடித்திருந்தார்கள். மூட்டு ஆடினால் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டலாம். ஒரு பின்னேர வேலை. திருகாணி ஏறினால் மரம் பிளக்கத் தொடங்கியிருக்கும், பிறகு அது தச்சரிடம்தான் போக வேண்டும். அந்த ஒன்றுக்கு நான் தச்சருக்குக் கொடுத்தது, நான்கையும் வாங்கிய விலையில் பாதி.

மூட்டு ஏன் ஆடுகிறது? குளிர்காலத்தில் சூடாக்கிய வீட்டுக்குள் காற்று அப்பளம்போலக் காய்ந்துவிடும். மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டில் சுருங்கும். துளைக்குள் இறங்கிய நாக்கு மெலிந்தால் பசை விட்டுவிடும். இன்னொரு கதிரையை நானே விறகடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு ஒரு குளிர்காலம் முழுக்க மறந்துபோனேன். இருக்கைப் பலகையில் விரல்நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. குற்றம் என்னுடையது.

பழைய பைனின் தேன் நிறம் வெளிச்சம் பட்டுப் பல வருடங்களில் ஏறியது. மண்தாள் போட்டுத் தேய்த்தீர்களோ, போயிற்று. பிறகு வெளிறிய பலகையோடு பத்து வருடம் காத்திருங்கள். வார்னிஷ் பூசாத மரமென்றால், டென்மார்க்கில் செய்வதுபோல வெள்ளைச் சவர்க்காரச் சீவலை வெந்நீரில் கரைத்துத் துடைத்தால் போதும். பைன் மென்மையான மரம், கரண்டி விழுந்தாலே பள்ளம் விழும். அது பிடிக்காதென்றால் ஓக் பாருங்கள். ஆனால் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தினமும் இழுத்துப் போட வேண்டியது நீங்கள்தான்.

மேசையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இருக்கைக்கும் மேசையின் மேல்பலகைக்கும் இடையே 28 முதல் 30 செ.மீ. இருந்தால் சாப்பிடச் சௌகரியம். கைப்பிடி வைத்த கதிரையானால் அது மேசைக்கு அடியில் போகுமா என்று தனியாகப் பாருங்கள். அளவும் அடிப்பக்கப் படமும் கிடைத்தால் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.