வெரிகோஸ் வெயின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தாராவியில் இட்லி வியாபாரம். விடியற்காலை 3 மணியிலிருந்து நின்றே வேலை. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு வருடமாக நரம்பு மாத்திரை, பி12 ஊசி. வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டு நீவல். குறையவில்லை.

பதில்: குறையாது. புடைத்திருப்பது நரம்பே இல்லை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. உணர்ச்சியைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம், ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம். இந்த ஒரு சொல்லால் மாதக்கணக்கில் வேறு வியாதிக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துவிட்டது. சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கெண்டைக்கால் தசை சுருங்கினால் ரத்தம் மேலே ஏறும். கீழே இறங்காமல் வால்வு தடுக்கும். அது பழுதானால் ரத்தம் தேங்கிக் குழாய் புடைக்கும். இதுதான் வெரிகோஸ் வெயின். பி12 எப்படி வால்வைச் சரிசெய்யும்? நீவலையும் நிறுத்துங்கள், உள்ளே ரத்தக்கட்டு இருந்தால் ஆபத்து. நின்றபடி டாப்ளர் ஸ்கேன் (சிரையில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுங்கள். கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்திருந்தால், புண் வருவதற்கு முன் டாக்டரிடம் போய்விடுங்கள். அதுவரை கடையில் நிற்கும்போதே குதிகாலை அடிக்கடி தூக்கி இறக்குங்கள்.

கேள்வி: வெரிகோஸுக்கு கிளாஸ் 2 ஸ்டாக்கிங்ஸ் (காலை நடுத்தர அழுத்தத்தில் இறுக்கிப் பிடிக்கும் காலுறை) எழுதிக் கொடுத்தார்கள். மீடியம் சைஸ் வாங்கினேன், கணுக்காலில் இறுக்குகிறது. (செம்பூர்)

பதில்: அளக்காமல் ஏன் வாங்கினீர்கள்? காலையில் வீக்கம் ஏறுமுன் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை எடுத்து மாற்றுங்கள். எழுந்ததும் மாட்டி, இரவில் கழற்றுங்கள். சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால், பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்க்காமல் போடக் கூடாது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனி அடைத்திருந்தால், ஸ்டாக்கிங்ஸ் அந்தக் காலை மேலும் கெடுக்கும்.

கேள்வி: 7 மாதக் கர்ப்பம். வெரிகோஸுக்கு லேசர் செய்யலாமா? (மாட்டுங்கா)

பதில்: இப்போது வேண்டாம். பிரசவமான சில மாதங்களில் பெரும்பாலும் தானே குறையும்.

கேள்வி: லேசரா, ஆபரேஷனா? ஒரே வரியில் சொல்லவும்.

பதில்: வயது எழுதவில்லை, எந்தக் கால் என்றுகூட எழுதவில்லை. பொதுவாக, கெட்ட சிரையை உள்ளிருந்து சூடாக்கி மூடும் லேசர் அல்லது ரேடியோ அலை சிகிச்சைதான் முதலில். பெரும்பாலும் அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் எந்தக் குழாயில் கோளாறு என்று தெரிய வேண்டாமா? மறுபடி சொல்கிறேன்: நின்றபடி டாப்ளர்.

கேள்வி: குளிக்கும்போது சுருட்டல் வெடித்து ரத்தம் பீறிட்டது. தொடையில் கயிறு கட்டினோம். (முலுண்ட்)

பதில்: கட்டவே கூடாது. படுக்கவைத்து, காலை நன்றாக உயர்த்தி, ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. நின்றுவிட்டதென்று சும்மா இருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள், மறுபடி வெடிக்கலாம்.

கேள்வி: இரண்டு நாளாக வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. லோக்கல் ரயிலில் நின்று வருவதாலா? (கல்யாண்)

பதில்: இதற்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கலாமா? காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தக்கட்டாக இருக்கலாம். இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள்.