காரணம் சொல்லாத கட்டளை

கேள்வி: மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆட்டு ரோமமும் லினனும் கலந்த துணியை யூதர்கள் உடுத்தக் கூடாதாம். ஏன் என்று அவர்கள் வேதத்திலேயே சொல்லவில்லையாம். இது மூடநம்பிக்கை இல்லையா? இப்படிப் பழகினால் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்களே?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை அம்மா. பாலக்காட்டில் கோட்டு தைத்துப் பிழைத்தவன் நான். இந்தத் துணி சமாச்சாரம் எனக்குத் தெரியும். மேல்துணி சுத்தக் கம்பளியாக இருக்கும். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸில் லினன் நூல் இருந்துவிடும். யார் கண்ணிலும் படாது. அதனால் கண்டிப்பானவர்கள் புதுக் கோட்டைப் பரிசோதகரிடம் கொடுக்கிறார்கள். அவர் தையலைப் பிரித்து, இழையை உருவி மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார். லினன் இழை கரும்புபோல் கணுக்கணுவாகத் தெரியும். ஆட்டு ரோமத்தில் செதில் செதிலாக இருக்கும். இரண்டும் இருந்தால் கேன்வாஸை மாற்றாமல் போடமாட்டார்கள். பருத்தியும் கம்பளியும் கலந்தால் தடையில்லை. இவ்வளவு நுணுக்கம் பார்ப்பவர்கள் புத்தியை அடகு வைத்தவர்களா?

கொல்லாதே, திருடாதே என்றால் காரணத்தை நம் மனசே சொல்லிவிடும். காரணம் தெரியாத கட்டளையைத்தான் ஒருவன் கடவுளுக்காக மட்டுமே செய்ய முடியும். அதனால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை மரியாதை. கடவுளின் கட்டளைகளை ஏற்ற சினாய் மலையடியில் அவர்கள் முன்னோர் "செய்வோம், கேட்போம்" என்றார்கள் என்கிறது அவர்கள் வேதத்தில் யாத்திராகமம் 24-ஆம் அதிகாரம். செய்வது முன்னால் வருகிறது, பாருங்கள்.

அதற்காக யோசிப்பதை நிறுத்திவிடவும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற பேரறிஞர், சிலை வழிபாட்டுப் பூசாரிகள் இப்படிக் கலந்து உடுத்தியதால் விலக்கினார்கள் என்று விளக்கம் தந்தார். ஆனால் அவர்களுடைய பழைய ஆலயத்தின் தலைமைப் பூசாரியான பிரதான ஆசாரியரின் இடைக்கச்சையே இந்த இரண்டு நூலும் சேர்த்து நெய்ததுதான் என்கிறது அவர்கள் மரபு. விளக்கம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் கட்டளையை விடுவதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்வார்களோ என்கிறீர்கள். அவர்கள் சட்டப்படி, ஓர் உயிரைக் காப்பாற்ற, வேலை செய்யக் கூடாத வாராந்தர ஓய்வுநாளை மீறலாம் என்பதில்லை, மீறியே ஆக வேண்டும். துணி, சாப்பாடு எல்லாக் கட்டளைக்கும் அதே கதிதான். சிலை வழிபாடு, கொலை, தகாத உறவு, இந்த மூன்றை மட்டும் உயிரே போனாலும் செய்யக் கூடாது.