எண்ணெய் வழியும் முகத்தில் செதில் உதிர்வது ஏன்?

வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை என் முகம் தெளிவாக இருந்தது. இப்போது காலையில் கழுவிய முகத்தில் பத்து மணிக்குள் எண்ணெய் வழிகிறது. ஆனால் மூக்கின் இரு ஓரங்களிலும் புருவத்திலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள். தலையில் பொடுகும் உண்டு. செதிலைப் பார்த்த அம்மா, வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். எண்ணெயைப் பார்த்த அத்தை, எலுமிச்சைச் சாறு பூசச் சொல்கிறார். நான் தினமும் ஆறு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். மருந்துக் கடையில் கொடுத்த கிரீமைத் தடவியபோது இரண்டு வாரம் முகம் பளபளவென்று இருந்தது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகிவிட்டது. என்னுடையது வறண்ட சருமமா, எண்ணெய்ச் சருமமா? வகுப்பில் முன் வரிசையில் உட்காரவே கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, நாமக்கல்

பதில்: உங்களுடையது எண்ணெய்ச் சருமம்தான். எண்ணெய் வழிவதும் செதில் உதிர்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், ஒரே முகத்தில், ஒரே காரணத்தால்கூட இரண்டும் வரலாம். செதில் என்றாலே வறட்சி என்று முடிவு செய்துவிடுவது பல வீடுகளில் நடப்பது. அந்த முடிவிலிருந்துதான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

பருவ வயதில் ஆண், பெண் இருவர் உடலிலும் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள் கூடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மயிர்க்கால்களை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகி, முன்னைவிட அதிகமாகச் சுரக்கின்றன. அதே காலத்தில் மயிர்க்காலின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொள்வதால், சுரந்த எண்ணெய் உள்ளே தேங்குகிறது. தேங்கிய எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகி, சுற்றியுள்ள தோல் சிவந்து வீங்கும்போது அதைப் பரு என்கிறோம். மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகளின் கருமைகூட அழுக்கு அன்று. மயிர்க்காலின் திறந்த வாயில் அடைத்திருக்கும் செல்களின் நிறமியும் எண்ணெயும் காற்றுப் பட்டுக் கறுப்பதே அது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் சோப்பு அந்த ஆழத்துக்குப் போகாது. பரு வந்த முகத்தை அழுக்கான முகம் என்று யார் சொன்னாலும் நீங்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

செதிலுக்கு வருவோம். மூக்கோரம், புருவம், தலை ஆகிய மூன்று இடங்களிலும் சேர்ந்து உதிர்கிறது என்பதால், செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற தொல்லையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. மலாசீசியா என்ற ஒருவகை ஈஸ்ட், அதாவது நுண்ணிய பூஞ்சை, எல்லோருடைய தோலிலும் வாழ்கிறது. அதற்கு உணவு நம் தோலின் எண்ணெய். அது எண்ணெயைச் சிதைக்கும்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. அந்த உறுத்தலால் தோல் அவசர அவசரமாகப் புதிய செல்களை உண்டாக்கி, பழையவற்றைக் கற்றையாக உதிர்க்கிறது. தலையில் இதே தொல்லை லேசாக வரும்போது அதைப் பொடுகு என்கிறோம். எண்ணெயை உண்டு வாழும் உயிரி காரணமாக இருக்கும் இடத்தில் மேலும் எண்ணெய் தடவுவது பொருத்தமாக இருக்காது என்பதை அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் பரு வரும் முகத்தில் மயிர்க்கால்களை அடைக்கவும் கூடும்.

கன்னத்திலும் வாயைச் சுற்றியும் இழுப்பும் எரிச்சலும் இருந்தால், அதற்குக் காரணம் நாளுக்கு ஆறு முறை போடும் சோப்பு. நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்பு 9 முதல் 10 வரை காரத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாறோ ஏறக்குறைய 2. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகலாம். ஒரே நாளில் இந்த இரு எல்லைகளுக்கும் இழுக்கப்படும் தோல், தன்னைக் காக்கும் மேலடுக்கை இழந்து உரிகிறது. பற்பசை, சமையல் சோடா, கரகரப்பான ஸ்க்ரப் ஆகியவற்றையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பயத்தம் மாவுகூடக் கையால் அழுத்தித் தேய்க்கப்படும்போது பருவைக் கீறிவிடுகிறது.

கடையில் கொடுத்த அந்தக் கிரீமைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் பளபளப்பு, நிறுத்தியதும் முன்பைவிட மோசம் என்பது ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் போட்டவர்கள் பலரும் சொல்லும் கதை. குழாயின் மேல் சிறிய எழுத்தில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதேனும் அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இவை வேறு நோய்களுக்கு, மருத்துவர் குறித்த நாள்வரை, நல்ல மருந்துகள். ஆனால் பரு உள்ள முகத்தில் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, சிவந்த ரத்தக்குழாய்க் கோடுகள் தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, பருவும் இரட்டிப்பாகும். மேலே பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் மத்திய அரசு 2018இல் சேர்த்தது. அப்படியிருந்தும் வெள்ளையாக்கும் கிரீம் என்ற பெயரில் அவை பெண்பிள்ளைகள் கைக்கு எளிதாக வந்து சேர்வதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தக் குழாயை எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. புறநோயாளி சீட்டுப் போட்டுக் காட்டினால் போதும்.

அதுவரை செய்ய வேண்டியது குறைவு. காலையும் இரவும், வியர்த்துத் திரும்பினால் இன்னொரு முறையும், சோப்பில்லாத மென்மையான ஃபேஸ்வாஷால் விரல் நுனிகளைக் கொண்டு கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். சருமம் எண்ணெயாக இருந்தாலும், அடைப்பை உண்டாக்காத, ஜெல் வகை மாய்ஸ்சரைசர் தேவை. அது எண்ணெயைச் சேர்ப்பதில்லை, தோலின் ஈரத்தைக் காக்கிறது. பகலில் எஸ்.பி.எஃப். 30 உள்ள ஜெல் சன்ஸ்கிரீன் போடுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடத்தில் தங்கும் கரிய தழும்பை வெயில் இன்னும் அழுத்தமாக்குகிறது. பொடுகுக்கு, பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை தலையில் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பொடுகு அடங்கும்போது புருவச் செதிலும் குறைவதைப் பார்ப்பீர்கள். குறையாவிட்டால் முகத்துக்கென்று தனி கிரீமை மருத்துவர் தருவார்.

நெற்றிப் பருவுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பள்ளிக்குச் செல்லும்போது தலை நிறைய எண்ணெய் வைத்து வாரி, இரட்டைச் சடை பின்னுவது நம் ஊர் வழக்கம். வெயிலில் அந்த எண்ணெய் நெற்றிக்கு வழிந்து மயிர்க்கால்களை அடைக்கிறது. தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து, நன்றாக அலசிவிட்டால் போதும். இரவெல்லாம் ஊறவிட்டுத் தலையணையில் முகம் புதைத்துத் தூங்க வேண்டாம்.

இவற்றோடு மாதவிலக்கு பல மாதம் தள்ளிப்போவதோ, முகவாயில் தடித்த முடி வளர்வதோ இருந்தால், அதையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்குப் பரு எளிதில் அடங்குவதில்லை. முன் வரிசையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கரும்பலகை நன்றாகத் தெரியும் இடம் அதுவென்றால், முகம் தெளிவதற்காகக் காத்திராமல் நாளையே அங்கே போய் உட்காருங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக் மாணவன் நான். பருவுக்காக மருத்துவர் இரவில் அடாபலீன் ஜெல்லும் காலையில் பென்சாயில் பெராக்சைடும் எழுதித் தந்தார். ஒரே வாரத்தில் முகம் முழுக்கத் தோல் உரிந்து, பருவும் கூடியதுபோல் தெரிந்ததால் இரண்டையும் நிறுத்திவிட்டேன். மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?
— வாசகர், சிவகாசி

பதில்: ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதற்கு ஒரு வாரம் போதாது. அடாபலீன், அடைப்பை அவிழ்க்கும் மருந்து. முதல் சில வாரங்கள் தோல் உரிவதும், உள்ளே இருந்த பருக்கள் மேலே வருவதும் எதிர்பார்க்க வேண்டியவையே. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பலரும் அளவில்தான் தவறுகிறார்கள். முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் கெட்டியாக அப்பக் கூடாது. முகம் கழுவியபின் நன்றாக உலரவிட்டு, முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு போட்டுப் பாருங்கள். தோல் பழகியபின் தினமும் போடலாம். பாக்டீரியாவை அழிக்கும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே பெரும்பாலும் போதுமானது. 10 சதவீதம் அதிகப் பலன் தருவதில்லை, எரிச்சலைத்தான் அதிகமாகத் தருகிறது. அது துணியின் சாயத்தை வெளுக்கும் என்பதால் வெள்ளைத் துண்டைப் பயன்படுத்துங்கள். உரியும் தோலை நகத்தால் பிய்க்காதீர்கள். முகம் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ நிறுத்திவிட்டு, எழுதித் தந்த மருத்துவரையே உடனே பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. பருவுக்கு எண்ணெய்ப் பலகாரமும் சாக்லேட்டும்தான் காரணம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஆறு மாதமாகியும் குறையவில்லை. முதுகில் கட்டி கட்டியாக வந்து வலிக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் புரதப் பொடியும் சாப்பிடுகிறான்.
— ஒரு தாய், தென்காசி

பதில்: வடையில் உள்ள எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து வழிவதில்லை. ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுகள், அதாவது சர்க்கரை கலந்த குளிர்பானம், மைதாப் பண்டங்கள், இனிப்புகள் போன்றவை, சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன. பாப்புவா நியூ கினியில் உள்ள கிட்டாவா தீவில் கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் உண்டு வாழும் 1,200 பேரைப் பரிசோதித்து, ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்; அதற்கு உணவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி பருவைக் கிளப்புவதை நானும் பல இளைஞர்களிடம் பார்த்திருக்கிறேன். அதை மூன்று மாதம் நிறுத்தச் சொல்லுங்கள், முட்டையும் பருப்பும் சாப்பிடட்டும். ஆனால் முதுகில் வலிக்கும் கட்டிகள் பத்தியத்தால் ஆறுபவை அல்ல. அவை ஆறும்போது பள்ளத்தழும்பை விட்டுச் செல்பவை; மாத்திரை தேவைப்படலாம். ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்துகளை ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவரின் கண்காணிப்பில்தான் தர முடியும். வயது ஏறினால் தானாகப் போய்விடும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே அவனை அழைத்துச் செல்லுங்கள். சாக்லேட்டை அவனுக்கு எப்போதாவது திருப்பிக் கொடுக்கலாம்.